மேல் அம்புக்குறி

எர்ணாவூர் ரயில்வே கேட்டுக்கு எதிரில்
சமது அண்ணன் ப்ரௌசிங் சென்டர்.
மூன்றாவது கம்ப்யூட்டரில்
என்டரை இரண்டு முறை தட்ட வேண்டும்.
அதுதான் காலியாக இருந்தது.
கட் ஆஃப் நூற்று எழுபத்திரண்டரை.
விருப்பப் பட்டியல் ஐந்து மணிக்குப் பூட்டிக்கொள்ளும்.
இப்போது மூன்றே கால்.

ரேஷன் ரசீதின் பின்பக்கத்தில்
மாமா எழுதிக்கொடுத்த வரிசை:
பத்தும் கம்ப்யூட்டர் சயின்ஸ்.
பதினொன்று மட்டும் என் கையெழுத்து,
அதுவும் பென்சிலில்.
பயோமெடிக்கல்.

'டாக்டரும் இல்ல, இன்ஜினியரும் இல்ல,
ரெண்டுங்கெட்டான் படிப்பு.'
ஹார்பரில் கன்டெய்னர் நம்பர் குறிப்பவர் மாமா.
திறக்காமலே சொல்லிவிடுவார்
எந்தப் பெட்டிக்குள் என்ன என்று.

இரண்டாம் தெரு ஹெப்சிபா அக்கா
இதையே படித்து முடித்தவள்.
நாலு வருஷத்தில் ஒரு வென்டிலேட்டரையும்
தொட்டதில்லையாம்.
ஈசிஜி மெஷின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததாம்,
கடைக்காரர் வீட்டுக் கல்யாணப் பொம்மை மாதிரி.
இன்டர்வியூவில் கேட்ட முதல் கேள்வி:
பைக் ஓட்டத் தெரியுமா?
இப்போது குளூக்கோமீட்டர் விற்கிறாள்,
மாதவரம் முதல் மீஞ்சூர் வரை.
'படிக்காதேன்னு சொல்லல.
லேபைப் போய்ப் பாரு.
மெஷின் பளபளன்னு இருந்தா திரும்பி வந்துடு.'

போனேன்.
முதல் காலேஜில் வாசலில் நீரூற்று.
லேப் சாவி வைத்திருப்பவர் லீவு.
இரண்டாவதில் ஒரு போஸ்டர் காட்டினார்கள்,
இதயம் இரண்டு நிறத்தில்.
மூன்றாவது செங்குன்றம் தாண்டி,
பஸ் இறங்கி இரண்டு கிலோமீட்டர் புழுதி.
மேசை மேல் ஒரு இன்குபேட்டர்
முதுகு கழன்று கிடந்தது.
குடல் மாதிரி ஒயர்கள்.
விரலில் சுட்ட காயத்தோடு ஒரு பையன்
ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான்.
'தொட்டுப் பாக்கறியா, கரன்ட் இல்ல.'
தொட்டேன்.
அந்த வாசனை துப்பட்டாவில்
வீடு வரைக்கும் வந்தது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
போன டிசம்பர், ராத்திரி இரண்டு மணி.
தம்பி தினகரின் நெபுலைசர் நின்றுவிட்டது.
அவன் நெஞ்சுக்குள் பூனை கத்திற்று.
அம்மா ஆட்டோவுக்கு ஓடினாள்;
ரோட்டில் நகராத டிரெய்லர் லாரிகள்,
திருவொற்றியூர் தேரடி வரைக்கும்.
நான் ஒரு ரூபாய்க் காசால் திருகைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு சின்னப் பஞ்சு,
காற்று உள்ளே போகிற இடம்.
வெள்ளையாய் வந்ததாம் கடையிலிருந்து.
கரி.
எண்ணூர்ச் சாம்பலா, மணலிப் புகையா,
லாரி டீசலா, யார் பிரித்துச் சொல்வது?
பிடுங்கி எறிந்துவிட்டு
கைக்குட்டை மூலையைக் கிழித்து வைத்தேன்.
இருமிவிட்டு ஓடியது மெஷின்.
ரிப்பேர் என்று அதைச் சொல்லக் கூடாது.
தப்பான வேலை என்றுகூட
ஹெப்சிபா அக்கா பிறகு திட்டினாள்.
ஆனால் அந்தக் கறுப்புப் பஞ்சை
வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.
அதே காற்றைத்தான் அவனும் இழுக்கிறான்.
அவனிடம் கழற்ற ஒரு திருகும் இல்லை.

நான்கு ஐம்பது.
மேல் அம்புக்குறியை அழுத்தினால்
ஒரு வரி ஏறும், ஒன்றே ஒன்று.
பதினொன்று பத்தாயிற்று.
சக்கரம் சுற்றியது.
ஒன்பது. எட்டு.
மாமாவின் காலேஜ்கள் ஒவ்வொன்றாய்க்
காலடியில் இறங்கின.
நாலில் நெட் நின்றது.
சமது அண்ணன் மோடத்தின் தலையில் ஒரு தட்டு தட்டினார்.
மூன்று. இரண்டு.
செங்குன்றம் தாண்டிய அந்தப் புழுதிக் காலேஜ்
முதல் வரியில் போய் உட்கார்ந்தது.
என்டர்.
என்டர்.

அம்மா போனில்:
'போட்டுட்டியா? எது மொதல்ல?'
கேட் மூடும் மணி அடித்தது.
கேட்கவில்லை என்றேன்.
கேட்டது.

பிரின்ட் இரண்டு பக்கம், பத்து ரூபாய்.
மை தீர்ந்து முதல் வரி மங்கலாய் விழுந்திருந்தது.
'இன்னொண்ணு எடுக்கவா?'
வேண்டாம் அண்ணா.

கூட்ஸ் வண்டி போய் முடியவில்லை.
காற்று மணலிப் பக்கமிருந்து திரும்பிவிட்டது.
பத்து ரூபாய் போக மீதியை எண்ணினேன்,
ராத்திரிக்கு இரண்டு மருந்துக் குப்பி வாங்க.